இலையில் படிந்த பஞ்சு

மில்லிலிருந்து வந்த மகள், பையைக்கூட இறக்கிவைக்காமல் குரோட்டன்ஸ் இலைகளைத் துடைக்கிறாள். ஈரப் பனியன் துணியின் அந்த வாசம் போதும், அறுபதுகளின் திருப்பூர் வீடு எனக்கு வந்துவிடுகிறது.

அப்பாவும் நூல் மில்லில்தான் வேலை செய்தார். தலையெல்லாம் பஞ்சோடு வந்து நேராக ஜன்னலோரச் செடிகளிடம் போவார். அவர் மேலிருந்து உதிரும் பஞ்சுதான் இலைகளில் ஒட்டும். கிழிந்த பனியனை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைப்பார்.

“மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க,” என்பாள் அம்மா.

“பஞ்சு அடைச்சா அதுக்கு மூச்சு முட்டுமில்ல புள்ள,” என்பார், இருமலுக்கு நடுவே.

அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தார். அன்றைக்கும் இலைகள் பளபளவென்றுதான் இருந்தன. அவர் செடியில் ஒடித்து நட்டதுதான் இந்தக் குரோட்டன்ஸ்.

“மூஞ்சியக் கழுவிட்டு வா கண்ணு,” என்கிறேன்.

“இருங்கம்மா, இன்னும் ரெண்டு இலை…” என்று சொல்ல வந்தவள், பாதியிலேயே இருமுகிறாள்.