பென் டிரைவுக்கு வைத்த சந்தனம்

சர்வர் என்று நான்தான் பெருமைக்குச் சொல்லிக்கொள்வேன். பார்த்தால் ஹட்டனில் ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய கணினி. அதற்குள் சில ஹார்ட் டிஸ்க்குகளைப் பூட்டி, மஸ்கெலியாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவிக்குக் கீழே வைத்திருந்தேன். குடும்பத்துப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதில்தான். வீடு என்றால் அப்பாவும் நானும் மட்டும். அக்காவை டயகமவில் கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அம்மா நடமாடுகிற, பேசுகிற படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். அக்காவின் கல்யாண வீடியோவில் பந்திக்கு நடுவே நின்றுகொண்டு, "மூஞ்சிக்கு நேரா லைட்ட அடிக்காதப்பா, கண்ணு கூசுதுல்ல" என்று வீடியோக்காரரை ஏசுவாள். கேசட் எங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வீணாய்ப் போனது. நல்ல வேளையாக அதற்கு முன்பே அதை சர்வரில் ஏற்றியிருந்தேன். சாயந்தரம் பிளேன்டீ குடித்து முடித்ததும் அப்பா, "அம்மாவப் போடு தம்பி" என்பார். போடுவேன். அம்மா ஏசுவாள், அப்பா சிரிப்பார், பிறகு எழுந்து போய் வேலையைப் பார்ப்பார்.

அந்த சர்வரை ஓட்டுகிற மென்பொருள் ஒரு பென் டிரைவில் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய உரிமமும் அதே பென் டிரைவுக்குத்தான். இன்னொன்றில் பிரதி எடுத்துச் செருகினால் சர்வர் திறக்காது. "பின்னாடி குச்சியாட்டம் நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்னா?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். "பெட்டியோட உசுரே அதுலதாங்கப்பா இருக்கு" என்றேன். எனக்கு எப்போதும் கொஞ்சம் வாய் நீளம்.

சரஸ்வதி பூசையன்று நான் ஹட்டனில், வேலை பார்த்த கணினி வகுப்பில் இருந்தேன். அப்பா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் ஓட்டி ஓய்ந்தவர். வருசா வருசம் மெசினைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கும்பிட்ட கை, வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? கத்தி, டோர்ச், டிவி, சர்வர் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார். உசுர் இருக்கிற இடத்துக்கு விசேசமாகவே வைத்திருக்கிறார். பென் டிரைவைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, அதன் தகட்டு வாய் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பி, ஈரம் காயுமுன் திரும்பச் செருகிவிட்டார். பென் டிரைவ் அன்றோடு செத்தது.

வந்து பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒங்களுக்கு ஏதாச்சும் அறிவு இருக்காப்பா? ஃபெக்டரி மெசினும் இதுவும் ஒண்ணா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அப்பா எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அப்ப அம்மா போயிருச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

வீடியோ டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, உரிமத்தைப் புதுப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டால் திறந்துவிடும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். இருந்த கோபத்தில் "தெரியாது" என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வகுப்பிலிருந்து மென்பொருளை விற்ற வெளிநாட்டுக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். உரிமத்தை மாற்றித் தர வேண்டுமானால் பழைய பென் டிரைவ் எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டும். உள்ளதை எழுத எனக்கு விரல் வரவில்லை. நான் எதிலாவது தடுமாறினால் அங்கே கூட வேலை செய்தவர்கள் "தோட்டத்துப் புத்தி" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். பொட்டு வைத்ததால் கெட்டது என்று எழுதினால் இந்த வெள்ளைக்காரனும் அப்படித்தான் சிரிப்பான் என்று தோன்றியது. முகம் தெரியாத ஒருவன் சிரித்துவிடுவானே என்று பெற்ற அப்பாவை மறைத்தேன். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை ஈரக் கையோடு அதைப் பிடுங்கிவிட்டது என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வரும்வரை அப்பா முன்னறைப் பக்கமே வரவில்லை. பிளேன்டீயை அடுப்படியிலேயே நின்று குடித்தார். ஒருநாள் பார்த்தால், டோர்ச்சில் வைத்த பொட்டையும் கத்தியில் வைத்த பொட்டையும் துடைத்து வைத்திருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

புது உரிமம் வந்தது. எப்படி மாற்றுவது என்று கூட வந்த மின்னஞ்சலிலேயே வரிசையாக எழுதியிருந்ததால் அதை அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புதுப் பென் டிரைவைச் செருகி, சொன்னபடி செய்ய, சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது. எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. "அப்பா, இங்க வாங்க" என்று கூப்பிட்டு வீடியோவைப் போட்டேன். அம்மா ஏசினாள். அப்பா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்று அந்தக் கம்பனிக்காரரை வாழ்த்தினார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்து, "என்னா எழுதியிருக்காங்க? படிச்சுச் சொல்லு" என்றார்.

இருந்த உற்சாகத்தில் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். உரிமத்தை மாற்றித் தருவதற்குக் காசு இல்லை, காரணம் எதுவாக இருந்தாலும் மாற்றித் தருவார்கள், இனிப் பழையது செல்லாது. கடைசி வரியும் அதே வேகத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தயவுசெஞ்சு அந்தச் சின்னப் புள்ளைய ஏசாதீங்கன்னு எழுதியிருக்காங்க."

"எந்தப் புள்ளைய?" என்றார் அப்பா.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது மடல் வரை சுட்டது. அவருக்கு விளங்கிவிட்டது என்று நிமிராமலே தெரிந்தது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏசலன்னு எழுதிரு தம்பி" என்றார். "பாவம், அவங்க மனசு சங்கடப்படும்."

அப்படியே எழுதினேன்.