தனியாகச் சொன்ன மன்னிப்பு

திருச்சுழிப் பக்கம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. நான் எட்டாவதோடு நின்றவன். அதற்குள் விசைத்தறி, பஞ்சு லோடு, பரோட்டாக் கடை என்று ஏழெட்டு வேலை மாறியிருந்தேன். மூட்டம் வேகும் நாட்களில் ஆள் நகரக் கூடாது. மண்பூச்சு வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும். வெடிப்பை அடைத்துவிட்டால் மீதி நேரம் சும்மாதான். அருப்புக்கோட்டைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய சரித்திரப் புத்தகத்தை அப்போது வாய்விட்டு வாசிப்பேன்.

கேட்க இரண்டு பேர். என்னோடு மூட்டம் பார்த்த காரியாபட்டிப் பக்கத்து அண்ணன். விறகு வெட்ட வந்த எம்.ரெட்டியபட்டி அக்கா.

ஜெருசலேம் போகும் யாத்திரிகர்களுக்குக் காவல் நின்ற துறவிப் படையைப் பற்றிய புத்தகம் அது. அவர்கள் சிலுவையில் துப்பினார்கள், சாமியை மறுதலித்தார்கள் என்று சொல்லி பிரெஞ்சு ராஜா பிடித்துப் போட்டார். வதை தாங்காமல் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் போப் விசாரணை. ஒத்துக்கொண்டது பொய் என்று பிறகு சொன்னவர்களை எரித்தார்கள். செய்தார்களா இல்லையா என்று இன்றைக்கும் சரித்திரக்காரர்களுக்குள் தகராறு.

"செய்யாதவுக எதுக்குப்பா ஒத்துக்கிட்டாக?" என்றார் அக்கா.

"உள்ளங்கால்ல அடிச்சா, சூரியனைக் களவாண்டது நாந்தான்னு நீயுந்தான் சொல்லுவ" என்றார் அண்ணன்.

"அடி வாங்குனவுக மாதிரியே பேசுறீக."

"வாங்குனவன்தான்."

அவர் ஊரில் ஒரு கிணற்று மோட்டார் காணாமல் போயிருக்கிறது. இவரைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். ஒத்துக்கொண்டார். கூட வந்தது யார் என்று கேட்டார்கள். வாய்க்கு வந்தது கூடவே திரிந்த சேக்காளியின் பேர். அந்த ஆள் மறுநாளே ஊரைவிட்டுப் போனவர்தான். அவருடைய அம்மாவை அதற்குப் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் யாரும் அழைப்பதில்லை. இவரும் ஊரில் இருக்க முடியாமல் வெளியேறிவிட்டார். இப்போது இவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். மாசி மாதம் குலசாமி கும்பிடும் களரிக்கு வந்து, கருப்பசாமி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்தால் போதும், ஊர் சேர்த்துக்கொள்ளும்.

"போக வேண்டியதுதானண்ணே?" என்றேன்.

"என் பேரு சுத்தமாயிரும். அவன் பேரு? அவன் செய்யலன்னு எங்கண்ணன்கிட்டத் தனியாச் சொல்லி வச்சிருக்கேன், அம்புட்டுத்தான்."

மறுநாள் போப்பைப் பற்றிய பக்கங்கள் வந்தன. படைத் தலைவர்களுக்கு அவர் ரகசியமாக மன்னிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். ராஜாவுக்குப் பயந்து படையையும் கலைத்துவிட்டார். பல நூறு வருடம் கழித்துத்தான் அந்த ஏடு கிடைத்தது. காப்பாற்றப் பார்த்தார் என்று ஒரு கட்சி, கோழை என்று ஒரு கட்சி. எனக்குப் போப் மேல் பாவமாகத்தான் இருந்தது.

அக்கா அரிவாளைத் தீட்டிக்கொண்டே, "மன்னிச்சவரு நாலு பேரு கேக்கச் சொல்லியிருக்கணும். பெட்டிக்குள்ள வச்சா யாருக்கு ஆகும்?" என்றார்.

அண்ணன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

களரிக்கு நானும் கூடப் போனேன். மூட்டத்தை அக்கா பார்த்துக்கொண்டார். உச்சிப் பூசை முடிந்ததும் அண்ணன் இரண்டு சூடம் பொருத்தினார்.

"ஒண்ணு போதும்ப்பா" என்றார் பூசாரி.

"மொதல்ல அவனுக்கு" என்று ஒன்றை அடித்து அணைத்தார். "அவன் மோட்டாரைத் தொடல. அடி தாங்காம நாந்தான் அவன் பேரைச் சொன்னேன்."

"ஏலே, அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. எதை நம்ப?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அன்னைக்குக் கட்டிப்போட்டுக் கேட்டீக."

பிறகுதான் தன்னுடைய சூடத்தை அணைத்தார். கை சிவந்திருந்தது.

பின்னால் நின்றிருந்த சேக்காளியின் அம்மா முன்னால் வந்தார். "இத்தன வருசமா வாயில என்னத்தடா வச்சிருந்த?" என்றார். அந்த அம்மா இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து, நம்பரை அழுத்தி அண்ணன் கையில் திணித்தார்.

"ஈரோட்டுல தறி ஓட்டுறான். எரைச்சல்ல காது கேக்காது. சத்தமாச் சொல்லு."