பின்பக்கம் ஏறிய பாரம்

எல்லாரும் நலமா? இந்த மழைக்கு இருமல், மூட்டுவலி ஒன்றும் இல்லையே? சுக்குக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். குடித்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு இதைப் படியுங்கள். சத்தியமாகக் கட்டுக்கதை இல்லை. எங்கள் தெருவில் நடந்தது. பட்டவள் வாயாலேயே கேட்டது.

அனுசுயாவுக்கு வேப்பம்பட்டில் வீடு. இட்லி மாவு வியாபாரம். தினமும் மதியம் பழைய வேன் நிறைய மாவு ஏற்றிக்கொண்டு போய் முகப்பேர் கடைகளில் போட்டுவிட்டு, சாயங்காலம் காலி வண்டியோடு திரும்புவாள். அவளேதான் ஓட்டுவாள். போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பும்போதுதான் வம்பு. அந்த வேனைப் பின்சக்கரம்தான் தள்ளும். பின்னால் பாரம் இல்லையென்றால் சேற்றில் பிடிமானம் இருக்காது. மழைக்காலத்தில் ஏரிக்கரை மண்ரோட்டில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். யாராவது வந்து தள்ளிவிட வேண்டும்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது ஓரகத்தி ஸ்வாதியை. கொழுந்தன் சரவணக்குமாரின் மனைவி. இருப்பது கனடாவில். பனி கொட்டிக் கிடக்கிற ரோட்டில் கார் ஓட்டி, அதை வீடியோ எடுத்து அனுப்புவாள். மாமியார் சாமுண்டீஸ்வரி அதைக் கூடத்தில் உட்கார்ந்து, சத்தமாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

"பாரு அனுசு, ஐஸ் மேலயே இன்னா ஜோரா ஓட்டுது அந்தப் பொண்ணு! நீ இன்னாடான்னா கணுக்கால் சேத்துல மாட்டிக்கினு கீற."

"அங்க ரோடு போட்டுத் தராங்க அத்தை. இங்க ரோட்டையே தேடிக்கினு போவணும்."

"வாயி மட்டும் எங்கயும் வழுக்காது உனுக்கு."

ஒருநாள் வீடியோ காலில் ஸ்வாதியே வழி சொன்னாள். "அக்கா, பின்னாடி வெயிட் போடுங்க. இங்க பழைய வண்டிக்காரங்க பனிக்காலத்துல மணல் மூட்டை வச்சுப்பாங்க. டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்குங்க. ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க. ஆக்சிலேட்டரை அழுத்தாதீங்க."

நல்ல யோசனைதான். ஆனால் அனுசுயாவுக்கு அடிவயிறு எரிந்தது. வருடக்கணக்காக மாமியாருக்கு வேளா வேளைக்குச் சோறு போடுகிறவள் இவள். எப்போதாவது சாக்லேட் டப்பாவோடு வருகிறவள் அவள். பாராட்டு மட்டும் மொத்தமாக அவளுக்கு. ஒரே ஒரு தடவை அவள் கார் வழுக்கட்டும். அத்தை அதைப் பார்க்கட்டும்... அனுசுயா வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

போன டிசம்பர். விடாத மழை. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், அதற்குள் இருட்டிவிட்டது. ஏரிக்கரை வளைவில் வேன் மாட்டிக்கொண்டது. ர்ர்ர்ர்ர்... சக்கரம் சுற்றுகிறது. வண்டி நகரவில்லை. ஒரு பக்கம் ஏரி தளும்புகிறது. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை.

வேறு வழி தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தாள். கரையோரம் ஒரு மணல் குவியல். நடுவில் மஞ்சள் பூசிய செங்கல், வாழையிலை, நனைந்த சாமந்திப்பூ. அந்தப் பக்கம் முழுக்க மனை போட்டு விற்கிறார்கள். எவனோ வீடு கட்ட பூமி பூஜை போட்டிருக்கிறான் என்று நினைத்தாள். இரண்டு மாவுச் சாக்கில் மணலை அள்ளினாள். கனமாக இருக்கட்டும் என்று செங்கல்லையும் உள்ளே போட்டாள்.

"காத்து இறக்கணுமாம். மகாராணி உத்தரவு." முணுமுணுத்துக்கொண்டே பின்டயர்களில் காற்றைக் கொஞ்சம் விட்டாள். ரெண்டாவது கியர். மெதுவாகக் கிளட்சை விட்டாள்.

பிடித்தது.

சேற்றை அழுத்திக்கொண்டு வேன் ஏறியது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஸ்வாதி சொன்னது பலித்துவிட்டதே என்று எரிச்சல்தான் வந்தது.

கொஞ்ச தூரம் போனதும்தான் உறைத்தது. இரண்டு சாக்குக்கு வண்டி இவ்வளவா அமுங்கும்? ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழவே இல்லை. எதிரே நின்ற பனைமரத்தின் உச்சியில் விழுந்தது.

க்ரீச்... பின்னால் தகரம் முனகியது. ஈரப் புடவை வாசனை. கூடவே கற்பூரம்.

"எல்லாம் அந்த ஸ்வாதியால வந்தது," என்றாள் தனக்குத்தானே.

"யாரு ஸ்வாதி?"

பெண் குரல். அக்கறையாகத்தான் கேட்டது. அனுசுயா யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டாள்.

"எங்க ஊட்டு சின்ன மருமவ."

சொன்ன பிறகுதான்... வேனில் வேறு யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"நல்லா ஓட்டுவாளா?"

பேசக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். வாய் தானாகத் திறந்தது.

"நல்லா... ஓட்டுவா."

"உனுக்கு எரியுதா? எனுக்கும் எரிஞ்சுது. நான் அவகிட்ட போவட்டா?"

"ம்" என்றாள் அனுசுயா.

பயத்தில் வந்ததா, ஆசையில் வந்ததா... அவளுக்கே தெரியாது.

தொப்!

பாரம் இறங்கியது.

வேன் பின்னால் துள்ளியது. வழுக்கியது. ஏரி...

ஹேண்ட் பிரேக்.

நின்றது.

திரும்பிப் பார்த்தாள். சாக்கு இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

அவள் போன் போட்டதும் கணவர் ஜெகதீசன் பைக்கில் வந்து, வேனை அங்கேயே விட்டுவிட்டு அவளை அழைத்துப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மாமியாரின் அழுகைச் சத்தம். சரவணக்குமார் போன் செய்திருந்தான். அங்கே காலை நேரம். வேலைக்குப் போகிற வழியில் ஸ்வாதியின் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. கால் எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பேசும்போது ஸ்வாதி சொன்னாள். "புது பனி டயர் அக்கா. பனி கரைய ரோட்டுல உப்பு தூவியிருந்தாங்க, பனியே இல்ல. திடீர்னு பின் சீட்டுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி கார் பின்னாடி அமுங்குச்சு. என் காருக்கு முன் சக்கரம்தான இழுக்கும்? அது அப்படியே தூக்கிக்கிச்சு. பிடிமானமே இல்ல."

வேனில் தான் சொன்ன அந்த 'ம்' அனுசுயாவுக்கு ஞாபகம் வந்தது. போனை மாமியாரிடம் நீட்டிவிட்டாள்.

மறுநாள் காலை வேனை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த மணலைக் கொட்டும்போதுதான் பூக்காரப் பொன்னியம்மா பார்த்தார்.

"அடிப்பாவி, இந்தக் கல்ல எங்கிருந்து எடுத்தாந்த? அடுத்த தெரு உத்தமன் பொண்டாட்டி கருமாதிக் கல்லுடி இது! நேத்து சாயங்காலம் காரியம் பாதில மழை வலுத்து, ஆம்பளைங்க டீக்கடைல ஒதுங்கினாங்களாம். வந்து பாத்தா கல்ல காணோம். தண்ணில உட்டாதான அவ போவா?"

"அவங்க... எப்டிக்கா செத்தாங்க?"

"ஓரகத்தி ஸ்கூட்டி வாங்கினா. இவளுக்குத் தாங்கல. நானும் ஓட்றேன்னு மழைல எடுத்துக்கினு போனா. வழுக்கி ஏரில உயுந்துட்டா."

அனுசுயா அன்றே கல்லை உத்தமனிடம் கொடுத்து, காலில் விழுந்தாள். அவர் அதை ஏரியில் விட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

பங்குனியில் ஸ்வாதிக்குக் கால் சரியாகிவிட்டது. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்தாள். முதல் நாள் உள்ளே உட்கார்ந்து மாமியாருக்கு வீடியோ கால் போட்டாள். அனுசுயா பக்கத்தில்தான் நின்றாள்.

டிங்... டிங்... டிங்...

"இன்னாமா சத்தம் அது?"

"தெரியல அத்தை. பின் சீட்டுல ஆள் உக்காந்து பெல்ட் போடலன்னா இப்படிக் கத்தும்." ஸ்வாதி திரும்பிப் பார்த்தாள். "யாருமே இல்ல. சர்வீஸ்ல காட்டணும்."

மூன்று தடவை காட்டிவிட்டார்கள். காரில் ஒரு கோளாறும் இல்லையாம்.

உங்களில் யாருக்காவது காலி வண்டியில் இப்படிப் பாரம் ஏறியிருக்கிறதா? அந்த நேரம் யாரை நினைத்து மனசு எரிந்துகொண்டிருந்தது? வெட்கப்படாமல் எனக்கு எழுதுங்கள்.