மூன்று கோடு மருந்து

காதர் பாய் இறந்துவிட்டார் என்று வாணியம்பாடி பஸ்ஸில் வந்த ஒருவர் மருந்தக வாசலில் நின்று சொன்னார். அப்போது நான் ஒரு கிழவரின் கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கமும் முடிந்துவிட்டதாம். மலையிலும் அடிவாரத்திலும் அவர் கையால் மருந்து வாங்கிக் குடித்தவர்கள் நீங்கள். நல்ல மனிதர் என்று உங்களுக்கு இரண்டு வரி இரங்கல் எழுதிவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

மலையடிவாரத்தில் எங்கள் சின்ன மருந்தகம். நான் டாக்டர், அவர் கம்பவுண்டர். மூட்டுவாதத்தோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் சாலிசிலேட் கலவை ஒன்றுதான் இருந்தது. வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்; அளவு மீறினால் வயிற்றைப் புண்ணாக்கும். கோணிப்போன கால்விரலை நிமிர்த்தாது. பாய் அதை மறைக்க மாட்டார். "வலி கொறையும்மா. கால் பழையபடி ஆவாது. பொய் சொல்லி அனுப்ப மாட்டேன்" என்பார். முகத்தில் அடித்தாற்போல் பேசாதீர்கள் என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து குப்பம்மாள் வந்தாள். முப்பது வயதிருக்கும். இரண்டு பாதங்களும் வீங்கிக் கொதித்தன. வலிக்காக ஊரில் சூடு போட்ட தழும்புகள் வேறு. தண்ணீருக்கே ஓடைக்கு இறங்கி ஏற வேண்டிய ஊர் அது. நடை நின்றால் பிழைப்பும் நின்றுவிடும். சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்று சீட்டில் எழுதினேன். பாய் நாளுக்கு ஒன்றாக ஏழு புட்டி கலக்கி, வேளைக்கு ஒரு கோடாக ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, நான் எழுதியதை அப்படியே சொல்லிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் அவளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். காதில் இரைச்சல், கறுப்பாக ரத்த வாந்தி.

"இன்னாம்மா, எப்டி குடிச்ச?" என்றார் பாய்.

"நீங்க சொன்னாப்லதாங்க. துன்னுட்டுத்தான் குடிச்சேன். ஒரு வேளைதாங்க கூழு. அதான் தெனம் மூணு கோட்டையும் அப்பவே குடிச்சிட்டேன்."

சாமை அறுப்புக்கு முந்திய மாதங்களில் மலையில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது நினைக்கவில்லை, பாவி.

"யாருங்க இப்டி குடுத்தது?" என்று அவள் அண்ணன் கத்தினான்.

"நான்தாம்பா. கேக்காம குடுத்துட்டேன். என் தப்பு" என்றார் பாய்.

நான் வாய் திறக்கவில்லை.

தூக்கி வந்தவர்கள் வெளியே போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா அவங்க கீழ எறங்கவே மாட்டாங்க சார்" என்றார். இறங்கி வந்தவர்களுக்கு மட்டும் நாங்கள் என்ன செய்துவிட்டோம்? அதே கலவையைத்தான் கொடுத்தோம்.

குப்பம்மாள் உயிர் பிழைத்தாள். ஆனால் அந்த மருந்தை அதன்பின் அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. வேறு மருந்து எங்களிடம் இல்லை. பாய் மாதம் ஒருமுறை மலையேறிப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த மழைக்குள் அவள் நடை நின்றுவிட்டது. இப்போது வீட்டுக்குள் தவழ்கிறாள்.

ரத்தம் கக்க வைத்த பாய் என்று உங்களில் சிலர் அவரை ஏசினீர்கள். அவர் திருப்பி ஒன்றும் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது எனக்கு மிச்சமான நல்ல பெயர் ஒன்றுதான். மூன்று வேளை என்ற அந்தச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. அதைச் சொல்ல அவர் சாகும்வரை காத்திருந்திருக்கிறேன்.