இரண்டு வண்டிக்கு ஒரு கழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி, "சார், உங்க பெரியவன் ரயில்வே கேட்டுகிட்ட கீழ விழுந்துட்டான். பயப்படாதீங்க" என்றான். பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். பூசைக்குப் போட்டுப்போன சட்டையோடு அப்படியே ஓடினேன். செருப்பு மாறிப்போய், ஒரு காலில் என் மனைவியின் செருப்பு இருந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கவனித்தேன்.

ஒன்றும் பெரிதாக இல்லை. தாடையில் மூன்று தையல், முழங்கையில் சிராய்ப்பு. நண்பனுடைய வண்டியின் ஹேண்டிலை, அதன் தண்டோடும் முன்சக்கரக் கவையோடும் சேர்த்துக் கழற்றித் தன் வண்டியில் மாட்டியிருக்கிறான். கேட்டருகே வளைக்கும்போது ஹேண்டில் இறுகிக்கொண்டதாம். மலைப்பாதையில் ஓட்ட அதுதான் வாகாம். "ரெண்டும் ஒரே கம்பெனிதாம்ப்பா. மாடல்தான் வேற. அளவெல்லாம் ஒண்ணுதான்" என்றான், தையல் போட்ட வாயால். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான். அன்று மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போனேன். அவன் வேலை செய்த இடத்தில் ஓர் அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய். அதில் மிச்சமாகிப்போன சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். குனிந்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணி என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்த மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் சூரமங்கலம் வீட்டுக் கொல்லைப்புறம் மறைந்து, ராசிபுரத்தில் என் நண்பன் ஆறுமுகத்தின் வீட்டுத் தறிக்கூடம் வந்துவிட்டது. வருடம் ஐம்பத்தெட்டோ, ஐம்பத்தொன்பதோ. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பயப்படவும் தெரியாது.

அந்த நாளில் பட்டாளத்தில் கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஏலத்தில் வந்து, கைமாறிக் கைமாறி எங்களைப் போன்றவர்கள் வரைக்கும் இறங்கின. மேடு, பள்ளம், மணல், சேறு எதிலும் போகும் என்று செய்த வண்டிகள். ஆறுமுகமும் நானும் ஆளுக்கொன்று வாங்கினோம். அவன் சேலை நெசவுக் குடும்பம். சுற்றுப்பட்ட ஊர்களில் இருக்கும் தறிகளுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வருவான். நான் நாமக்கல் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர். மருந்து கலக்குவதும் ஊசி போடுவதும் என் வேலை. கிராமத்தில் எல்லோரும் 'மாட்டு டாக்டர்' என்பார்கள். திருத்தமாட்டேன். டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன, பைத்தியமா?

என் வண்டியின் பெட்ரோல் தொட்டியில், கறுப்புச் சாயத்துக்கு அடியில் பட்டாளத்துப் பச்சை தெரியும். அந்தப் பச்சையில் யாரோ ஒரு சிப்பாய் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. அவன் எந்த ஊரோ, பிழைத்தானோ என்று வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வண்டியும் அண்ணன் தம்பி மாதிரி. என்னுடையது ஒரு வருடம் மூத்தது. மூத்ததின் ஹேண்டில் தண்டு ஒருமுறை பாறையில் மோதி இம்மி வளைந்துவிட்டது. புதுசு எங்கே கிடைக்கும்? ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஹேண்டில், தண்டு, கவை எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் 'கழுத்து' என்போம். எவனுக்கு மோசமான பாதையில் போகவேண்டியிருக்கிறதோ, அன்றைக்கு நல்ல கழுத்து அவன் வண்டிக்கு. மற்றவன் வளைந்த கழுத்தோடு தார் ரோட்டில் போய்க்கொள்ள வேண்டியது. தறிக்கூடத்துக்கு வெளியே வண்டிகளை எதிரெதிரே நிறுத்தி வைத்துக் கழற்றுவோம். ஆறுமுகத்தின் அம்மா எட்டிப் பார்த்து, "ஏஞ் சாமி, அப்பிடியே உங்க ரெண்டு பேரு தலையவும் மாத்தி மாட்டிப் பாருங்க. ஒருத்தனுக்காச்சும் புத்தி வருதான்னு பாப்போம்" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

அந்த வருடம் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. வந்த பட்டியில் மாடு மிஞ்சாது. ஜேடர்பாளையத்துக்கு அந்தண்டை ஆற்றோரமாய் ஒரு சின்ன ஊர். அதற்கு இரண்டு மைல் மேலே நோய் வந்துவிட்டது. அந்தச் சின்ன ஊரிலிருந்து பாவாயி என்று ஒரு பெண் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. பதினொரு மாடுகள், அவைதான் அவருடைய எல்லாமும். தடுப்பூசி போட்டால் மாடு சினை பிடிக்காது, சுருண்டு விழுந்துவிடும் என்று ஊரில் ஒரே பேச்சு. ஒவ்வொரு வீடாகப் போய் இவர் மன்றாடி, ஒரே ஒரு நாள் மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டிவைக்கச் சம்மதம் வாங்கியிருந்தார்.

"நாளைக்கு எல்லாத்தையும் புடிச்சுக் கட்டிப்போட்டு வெச்சிருப்பேனுங்க. நெசமா வருவீங்களா, இல்ல வாரேன்னு சொல்லிப்போட்டு இருந்துக்குவீங்களா?"

"மூணு மணிக்கு அங்க இருப்பேம்மா."

"மூணுன்னா மூணு தானுங்களே? அதுக்கு மேல எம்பேச்ச ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அன்று மாலையே கிளம்பிச் சேலம் போனேன். மருந்து ரயிலில் வந்திருந்தது. காலையில் சூரமங்கலத்தில் ஐஸ் வாங்கி உடைத்து, மருந்துக் குப்பிகளோடு வாய் அகன்ற பிளாஸ்கில் போட்டு, அதை உமி நிரப்பிய பெட்டிக்குள் வைத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஐஸ் கரைந்தால் மருந்து வெறும் தண்ணீர். அடுத்த மருந்து வர இன்னும் பத்து நாள் ஆகும். அதற்குள் நோய் இரண்டு மைல் நடந்து வந்துவிடும்.

ராசிபுரத்தில் இறங்கினேன். வாய்க்கால் கரைப் பாதைக்கு நல்ல கழுத்து வேண்டும். ஆறுமுகம் பாதி நெசவில் எழுந்து வந்தான். அவன் வண்டியின் கழுத்தை என் வண்டியில் ஏற்றவேண்டும். ஹேண்டில் தண்டு உட்காருகிற இடத்தில் கிண்ணம் போல ஒரு கப்பு. அதற்குள் வட்டமாகக் குண்டுகளை அடுக்கவேண்டும். அவை உருண்டால்தான் ஹேண்டில் திரும்பும். அவனுடைய குண்டுகளை எடுத்து என் கப்பில் அடுக்கினால் ஒரு குண்டு அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மூத்த மாடலின் கப்பு கொஞ்சம் பெரிது போலிருக்கிறது.

இருக்கட்டும், அது இருக்கவேண்டிய காலிதான். சேலத்தில் எனக்கு வண்டியைக் கொடுத்த மெக்கானிக் சொல்லியிருந்தார்: "ஒரு குண்டு எடம் சும்மா உடணும் தம்பி. அதுங்களும் நகர வேணாமா?" எனக்குத் தெரியும். ஆறுமுகத்துக்குத் தெரியாது. வழக்கமாகக் குண்டு அடுக்குவது நான்; அன்று நான் தெருவில் ஐஸ் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றிருந்தேன்.

அவன் கண்ணுக்கு அந்தச் சந்து எப்படிப் பட்டிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் ஒவ்வொரு பல்லிலும் இழை ஓடவேண்டும். ஒரு பல் காலியானால் சேலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு விழும். சின்ன வயதில் அப்படி விட்டுவிட்டு அவன் அப்பாவிடம் வாங்கிய அடிகளைக் கதை கதையாகச் சொல்வான். காலி இடம் கண்ணில் பட்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? என் பழைய குண்டுகளில் ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி உள்ளே இறக்கிவிட்டான்.

"ஒரு குண்டு கொறைஞ்சுது. சந்து உட முடியுமா? அடைச்சுப்போட்டேன்" என்றான், கையைத் துடைத்துக்கொண்டே. காதில் விழுந்தது. மனம் முழுக்க ஐஸாக இருந்ததால் உள்ளே போகவில்லை. "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு உதைத்துக் கிளப்பினேன்.

எங்கள் நாமக்கல் பக்கத்து வேலூர் வரை ஒரு குறையும் இல்லை. வாய்க்கால் கரையில் ஏறியபின் ஹேண்டில் கொஞ்சம் கனத்தது. மணல் என்று நினைத்தேன். இரண்டே முக்காலுக்கு ஒரு வளைவில் இடப்பக்கம் திருப்பினேன், திரும்பியது. நேராக்கப் பார்த்தேன், வரவில்லை. சுளுக்கிக்கொண்ட கழுத்து மாதிரி அப்படியே நின்றுவிட்டது. வண்டி கரையிலிருந்து இறங்கி ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் வேலியில் போய்ச் சாய்ந்தது. பெட்டிக்கு ஒன்றுமில்லை. என் வலது கணுக்கால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. கழற்றிப் பார்த்தேன். ஒரு குண்டு இரண்டாகப் பிளந்து மற்றவற்றுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. அப்போதுதான் ஆறுமுகம் சொன்னது உள்ளே போனது.

ஊருக்கு இன்னும் மூன்று மைல். ஊன்றி நிற்கக்கூட முடியவில்லை. சைக்கிளின் இரு பக்கமும் வெற்றிலைக் கட்டைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரு, வண்டிக்கே வெக்கை வந்துருச்சுங்களா?"

சிரிக்கிற நிலைமையில் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். என்னை ஏற்றிக்கொள்ள அவர் சைக்கிளில் இடம் இல்லை. "அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடறேனுங்க" என்று நடையை எட்டிப் போட்டார்.

அகத்தி நிழலில் உட்கார்ந்தேன். மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. ஐஸ் இருக்கிறதா என்று பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன். திறந்தால் கரையும் என்று தெரிந்தும் மறுபடி திறந்தேன். நான்கு மணிக்கு நெல்லிக்காய் அளவில் ஏழெட்டுத் துண்டுகள் மிதந்தன. இந்நேரம் ஒவ்வொருவராய் மாட்டை அவிழ்த்து விட்டிருப்பார்கள். பாவாயி என்ன பதில் சொல்லிக்கொண்டிருப்பார்? ஒரு குண்டின் காரியம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்று அந்தக் கரையில் பஸ் போகிறது. கொடிக்கால்கள் குறைந்துவிட்டன. வெக்கை நோய் என்றால் என் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லவேண்டும். பட்டாளத்து வண்டிகள் இரண்டும் எடைக்குப் போயின. ஆணியால் கீறிய அந்த இரண்டு எழுத்துகளும் போயின. ஆறுமுகம் போய் நான்கு வருடம் ஆகிறது. என்ன ஆயிற்று என்று அன்று அவன் கேட்டபோது, "என் பழைய குண்டுல ஒண்ணு ஒடைஞ்சுபோச்சுடா" என்றேன். பொய் இல்லை. முழுசும் இல்லை. அவன் கடைசிவரை அதைக் கிளறவில்லை, தெரிந்தேதான் விட்டானோ என்னவோ. கணுக்காலைப் பற்றி மட்டும் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பான்.

அன்று நாலே முக்கால் இருக்கும். பிளாஸ்கில் இன்னும் இரண்டு துண்டு ஐஸ் மிதந்தது. வாய்க்கால் வளைவில் முதலில் புழுதி தெரிந்தது. பிறகு மணிச் சத்தம், ஒன்றல்ல, நிறைய. கரை நெடுக மாடுகள். முன்னால் பாவாயியின் பதினொன்று, பின்னால் ஊர் மாடு மொத்தமும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள். பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, என் காலைப் பார்த்தார்; பிளாஸ்கைப் பார்த்தார்.

"மூணு தாண்டவும் எல்லாரும் அவுக்க ஆரம்பிச்சுட்டாங்க சாமி. அவுக்கறதுதான் அவுக்கறீங்க, இந்தப் பக்கமா ஓட்டுங்கன்னு ஓட்டியாந்துட்டேனுங்க. நீங்க எந்திரிக்காதீங்க. உக்காந்த எடத்துல உக்காந்துட்டுக் குத்துங்க. நாங்க புடிச்சுக்கறோம்."