தவறணைக்கு முன்னால் என் பைக்

போன வியாழக்கிழமை என் பைக் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

கொஞ்ச நாட்களாகக் காலையில் வேலைக்குப் போய்க் கந்தோர் கேற்றைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். வியர்த்துக் கொட்டும். ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், "இதயம் குதிரை மாதிரி இருக்கு" என்றார். அதுதானே பிரச்சினை... குதிரை மாதிரி ஓடுகிறதே! வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்பனியில் ஓர் அறிவித்தல். ஊழியர்கள் விரும்பினால் வெளியில் ஓர் உளவளத்துணையாளரைச் சந்திக்கலாம். செலவு கம்பனிக்கு. யார் போனார், என்ன பேசினார் - முதலாளிக்கும் தெரியவராது.

"இதெல்லாம் மண்டை கழண்ட ஆக்களுக்கு!" என்று டீ நேரத்தில் உரத்துச் சிரித்தது யார்? அடியேன்தான். அன்று பின்னேரமே கழிப்பறைக்குள் நின்று போன் பண்ணியதும் அடியேன்தான்.

அவருடைய அறை கல்லடியில், ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள். ஹெல்மெட் போட்டு முகத்தை மறைக்கலாம். பைக்கை எதைப் போட்டு மறைப்பது? பைக் நிற்கிற இடத்தை வைத்தே ஆளின் சாதகம் சொல்கிற ஊராயிற்றே மட்டக்களப்பு! ஒழுங்கை முகப்பில் ஒரு தவறணை. கள்ளுக்குப் போனான் என்றால் யார் இரண்டாம் தரம் பார்க்கப் போகிறார்கள்? பைக்கை அங்கே விட்டுவிட்டு நடந்தேன். என்ன மூளை!

உள்ளே அந்த உளவளத்துணையாளர் அம்மா அதிகம் பேசவில்லை. நான்தான் கொட்டித் தீர்த்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்பினால்... வாசலில் மனைவி. முன்வீட்டு அக்கா முந்திவிட்டார்: "இஞ்ச புள்ள, உன்ட மனிசன்ட பைக் தவறணையடியில நிக்குது!"

"எப்பயிருந்து குடி?"

"குடிக்கல்ல..."

"மறுகா அங்க என்ன, தேவாரமா படிச்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"நெஞ்சு படபடக்குதெண்டு என்னட்டச் சொல்ல வெக்கம். குடிகாரன் எண்டு பேரெடுக்க வெக்கமில்ல... என்ன?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

இந்த வியாழக்கிழமை மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய், பைக்கை நேரே அந்த அம்மாவின் வாசலிலேயே நிறுத்தினேன். படபடப்பு முழுதாக விடவில்லைதான். ஆனால் கந்தோர் கேற்றைத் தாண்டிவிடுகிறேன்! வேலையை விடும் பேச்சுக்கே இடமில்லை!

வரும் வழியில் தவறணையைப் பார்த்தேன். எங்கள் கந்தோர் பைக்குகள் வரிசையாக நின்றன. யாருடையவை என்று சத்தியமாகச் சொல்லமாட்டேன்...

ஒன்று மட்டும் சொல்கிறேன் - அவர்களில் குடிக்கிறவர் ஒருவர்கூட இல்லை!