வலது தோளுக்குப் பின்னால்

போன வருஷம் தை முடிந்து, மல்லிகை வரத்து கூட ஆரம்பித்த சமயம். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டிப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கிற பதினைந்து சென்ட் பூந்தோட்டத்தில் நடந்தது இது.

மல்லிகை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்து, மார்க்கெட்டுக்குப் போகும் வேனில் ஏற்றிவிட வேண்டும். வேனை விட்டால் அன்றைய பூவெல்லாம் வீட்டு மாதா படத்துக்குத்தான். அதனால் விடியுமுன்பே இருட்டோடு தோட்டத்தில் இறங்கிவிடுவோம். நான் பறிப்பேன். என் வீட்டுக்காரர் லைட் பிடிப்பார்.

சிரிக்காதீர்கள். உண்மையாகவே அவருக்கு அதுதான் வேலை. திண்டுக்கல்லில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தார். தீப்பொறி பட்டுப் பட்டு விரலெல்லாம் தடித்துப் போயிருக்கும். அந்த விரலால் தொட்டால் மொட்டு நசுங்கும். "நீங்க செடியத் தொடாம இருந்தாலே பெரிய உதவி" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். அவர் டிரில் மெஷினோடு வந்த ஒரு சார்ஜ் லைட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நிற்க ஆரம்பித்தார். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர்கள் வைத்துக்கொள்கிற லைட் அது. கீழே கனமான பேட்டரி, எந்தப் பக்கமும் திரும்புகிற கழுத்து. அதை என் வலது தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "தலைய லேசா எடப்பக்கம் சாச்சுக்க புள்ள" என்பார். நானும் சாய்த்துக்கொள்வேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? "என்னப்பு, பொண்டாட்டிக்கு லைட்டுப் பிடிச்சு முடிஞ்சதா?" என்று வரப்பில் நின்று கேட்பார்கள்.

"கல்யாண ஊர்வலத்துல லைட்டுப் பிடிக்கிறாய்ங்கள்ல, அப்பிடி நெனச்சுக்கங்க. எனக்குத் தெனமும் கல்யாணந்தேன்" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். பிடிக்கவும் செய்யும்.

அந்த லைட்டில் ஒரே குறை, பல்பு மங்கல். அழுது வடியும். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "வார ஞாயித்துக்கெழம நல்ல பல்பா மாத்தித் தாரேன்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஞாயிறு வரும், கோயிலுக்குப் போவோம், கறி எடுப்போம், தூங்குவோம், பல்பு அப்படியே இருக்கும். அப்படியே இருந்தபோது ஒருநாள் பட்டறைக்கு பைக்கில் போனவர் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரி வாசல் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டதாம்.

அதற்குப் பிறகு தோட்டத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. என் நாத்தனார், அவருடைய தங்கை, அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். "ஒத்தையில எம்புட்டு நாளைக்கு மதினி கெடந்து அல்லாடுவீக? செடியப் புடுங்கிட்டு மக்காச்சோளம் போடக் குத்தகைக்கு விட்டுருவோம். ஆளு தயாரா இருக்கு" என்றாள். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். ஆனால் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் அவர் என்னோடு அதிகம் பேசியிருக்கிறார். பிடுங்கிப் போட்டுவிட்டு நான் எங்கே போய் நிற்பது? இந்த ஒரு சீசன் மட்டும் பார்க்கிறேன், முடியவில்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சீசன் தொடங்கியது. ஒரு சவுக்குக் கம்பை நட்டு, அதில் லைட்டைத் தொங்கவிட்டுப் பறித்தேன். கண்ணுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பாதிச் செடிகூட முடியாமல் வேன் ஹாரன் கேட்கும். இப்படிப் பல நாள் போனது. எல்லாம் அந்த மங்கல் பல்பு செய்கிற வேலை என்று முடிவுகட்டினேன். தலையில் மாட்டுகிற லைட் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும்தான் கேட்டார்கள். எனக்கு அந்த லைட்தான் வேண்டும், அவ்வளவுதான்.

லைட்டைத் துணிப்பையில் போட்டு, பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, "இதத் தூக்கிப் போடுங்கக்கா, புதுசே கெடைக்கிது" என்றான். நான் முறைத்த முறைப்பில், பேட்டரியில் எழுதியிருந்த வோல்ட்டைப் படித்துவிட்டு, அதற்குத் தோதான எல்.இ.டி. பல்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே பிரித்தேன். பல்பை மாட்டினேன். எரியவில்லை. கடைக்குப் போன் போட்டால், "எல்.இ.டி.க்கு பிளஸ் மைனஸ் உண்டுக்கா. பேட்டரியக் கழட்டி வச்சுட்டு, உள்ள இருக்க ரெண்டு வயரையும் எடம் மாத்திக் குடுங்க" என்றான். மாற்றினேன், கறுப்பு டேப் சுற்றினேன். பட்டனை அழுத்தினால், பகலிலேயே சுவர் வெள்ளை அடித்ததுபோல் ஆகிவிட்டது! எனக்குப் பிடிபடாத சந்தோஷம். அவர் படத்துக்கு முன்னால் நின்று, "நீங்க சொன்ன ஞாயித்துக்கெழம வந்துருச்சுங்க" என்றேன்.

திங்கட்கிழமை, இன்றைக்கு மொத்தத் தோட்டத்தையும் முடித்துவிடுவேன் என்ற தெம்போடு இறங்கினேன். கம்பில் லைட்டை மாட்டிப் போட்டுவிட்டுக் குனிந்தால், செடிமேல் கன்னங்கரேலென்று என் நிழல். பழைய மங்கலில் நிழலும் மங்கலாக இருந்தது. இப்போது வெளிச்சம் கூடியதில் நிழலும் கறுத்துவிட்டது. கம்பைப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டேன். அடுத்த செடிக்குப் போனதும் மறுபடி நிழல். இந்தப் பக்கம் நட்டேன். மறுபடியும்.

அப்போதுதான் உறைத்தது. அவர் லைட் பிடித்த இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடச் செடிமேல் என் நிழலை நான் பார்த்ததில்லை. நான் குனிந்தால் அவர் லைட்டை உயர்த்தியிருக்கிறார். நான் திரும்பினால் அவரும் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு செடிக்கும், ஒவ்வொரு நாளும். அவர் அதைச் சொல்லிக்கொண்டதும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை. நான் பாட்டுக்குப் பல்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். செடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

"மதினி! ரோடு வரைக்கும் வெளிச்சம் அடிக்கிது, என்னான்னு பாக்க வந்தேன்" என்று வந்து நின்றாள் நாத்தனார். என் முகத்தைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள். மக்காச்சோளத்தைப் பற்றிச் சொல்லப்போகிறாள், நானும் சரியென்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அவள் லைட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. வேன் வந்துரும்ல."

எழுந்து பறிக்க ஆரம்பித்தேன். பின்னால் வந்து நின்றவள் லைட்டை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தலைய லேசா எடப்பக்கம் சாச்சுக்கங்க மதினி."

அந்த இடத்தில் நின்று யார் லைட் பிடித்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அண்ணனுடைய அதே கரகரப்புக் குரல் அவளுக்கு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நாத்தனார்தானே நிற்பாள்?

அன்றைக்கு வேன் வருவதற்குள் பூ முழுவதும் கூடைக்கு வந்துவிட்டது. கூடையைத் தூக்கி என் தலையில் வைக்கும்போது, "அந்தச் சோளக்காரன்ட்ட வேணாம்னு சொல்லிர்றேன்" என்றாள்.

முடிகிற நாட்களில் அவள் வந்து லைட் பிடிக்கிறாள். முடியாத நாட்களில் எனக்குச் சவுக்குக் கம்புதான்; செடிக்குச் செடி பிடுங்கி நட்டுக்கொண்டே பறிக்கிறேன். பின்னால் யாரும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் குனிந்ததும் என் தலை தானாக இடப்பக்கம் சாய்ந்து, வலது தோளுக்குப் பின்னால் அவருக்கு இடம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.